நினைவும் அடுப்பும்

தேவாரம் கிடைத்த கதையை நாம் பெரும்பாலும் கரையானோடு நிறுத்திக்கொள்கிறோம். ராஜராஜன் வந்தான், நம்பியாண்டார் நம்பி வழிகாட்டினார், தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறை திறந்தது, ஓலைகளில் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது, மிஞ்சியதைத் தொகுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவம் இயற்றியதாகச் சொல்லப்படும் திருமுறைகண்ட புராணம் இதற்குமேலும் போகிறது. பாட்டு கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. எந்தப் பதிகத்தை எப்படிப் பாடுவது என்பது ஓலையில் இல்லை. அதைத் தேடி எருக்கத்தம்புலியூருக்குப் போகிறார்கள். விருத்தாசலம் பக்கத்தில் இன்று இராசேந்திரப்பட்டினம் என்று வழங்கும் ஊர் அது. சம்பந்தரோடு ஊர் ஊராக யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அவர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு, தில்லைக்கு அழைத்து வந்து, அவளைக் கொண்டே பண் வகுத்தார்கள் என்கிறது புராணம்.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. ராஜராஜன் பட்டமேறியது 985இல். இடையில் முந்நூறு ஆண்டு ஓடிவிட்டது. காவலில் வைத்த ஓலை செல்லரித்துப் போயிற்று. பாணர் குடியில் வாய்வழியாக வந்தது போகவில்லை, ஏனென்றால் அது புழக்கத்தில் இருந்தது. பாட வாயும் கேட்கக் காதும் அதற்கு இருந்தன. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை.

மூளை நலம் பற்றி இன்று நடக்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதை ஞாபகத்துக்கு வருகிறது. ஐம்பது தாண்டியவர்களின் வாட்ஸப் குழுக்களில் சர்க்கரைக்கு அடுத்தபடியாக மறதிதான் பெரிய பயம். வல்லாரை மாத்திரை, பாதாம் பருப்பு, சுடோகு, கைபேசியில் ஒரு விளையாட்டுச் செயலி. "மூளைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும் சார், இல்லன்னா துருப்பிடிச்சிடும்" என்று நடைப்பயிற்சியில் கூட வருகிறவர் சொல்கிறார். இதில் உண்மை எவ்வளவு?

நினைவாற்றலைப் பெரிய சொத்தாக மதித்த பகுதி இந்தச் சிதம்பரம் வட்டாரம். தில்லைக் கோயிலில் வேதம் ஓதும் சிறுவர்களும், பதிகம் பாடும் ஓதுவார்களும், எண்சுவடியையும் நிகண்டையும் தலைகீழாக ஒப்பித்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் பயிற்சி பெற்ற மூளைக்காரர்கள்தாம். அப்படிப்பட்ட மூளைகளை ஸ்கேன் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஹார்ட்செல் என்பவரும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், யஜுர் வேதத்தை மனப்பாடமாக ஓதும் 21 பண்டிதர்களின் மூளையை மற்ற 21 பேருடையதோடு ஒப்பிட்டார்கள். மொழி, நினைவு தொடர்பான பல பகுதிகள் பண்டிதர்களிடம் பெரிதாகவோ தடிமனாகவோ இருந்தன. நினைவின் வாசலான ஹிப்போகேம்பஸும் அதில் சேர்த்தி. இதற்கு முன் 2000இல், லண்டன் தெருக்களை எல்லாம் மனத்தில் பதித்த டாக்சி ஓட்டுநர்களிடம் எலினர் மெக்வயர் குழுவினர் இதே பகுதியில் மாற்றம் கண்டிருந்தார்கள். ஹிப்போகேம்பஸின் பின்புறம் பெருத்திருந்தது. ஆனால் முன்புறம் சிறுத்திருந்தது. பிற்பாடு வந்த சோதனைகளில், ஒரு சிக்கலான படத்தைப் பார்த்து நினைவிலிருந்து வரைவது போன்ற வேலைகளில் அந்த ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். மூளை பயிற்சிக்கு இணங்குகிறது, ஆனால் எதற்குப் பழக்கினோமோ அதற்குத்தான். ஒரு பக்கம் கொடுத்தால் இன்னொரு பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது.

முதியவர்களுக்கான பயிற்சியிலும் கதை இதுவே. அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய 'ஆக்டிவ்' என்ற ஆய்வில் 65 வயதைக் கடந்த 2832 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு நினைவுப் பயிற்சி, ஒரு பிரிவுக்குத் தர்க்கப் பயிற்சி, இன்னொன்றுக்கு வேகப் பயிற்சி. நான்காம் பிரிவுக்கு எதுவுமில்லை. வேகப் பயிற்சி என்பது, கணினித் திரையின் நடுவில் ஒரு நொடிகூட நிற்காமல் தோன்றி மறையும் வண்டி எது என்று சொல்லிக்கொண்டே, ஓரத்தில் வந்துபோவது எங்கே வந்தது என்றும் காட்டுவது. பத்தே அமர்வுகள். பத்தாண்டு கழித்துச் சோதித்தபோது தர்க்கத்திலும் வேகத்திலும் பயிற்சியின் தடம் இருந்தது. நினைவுப் பயிற்சியின் தடம் அழிந்துபோயிருந்தது. வேகப் பயிற்சி பெற்றவர்களிடம் மறதிநோய் குறைவாகக் காணப்பட்டதாக அதே ஆய்விலிருந்து 2017இல் ஒரு கட்டுரையும் வந்தது. ஆகவே இதை வெறும் விளையாட்டென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் குறுக்கெழுத்துப் போடுகிறவருக்குக் குறுக்கெழுத்து நன்றாக வரும் என்பதைத் தாண்டி வாக்குறுதி கொடுப்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம். லுமாசிட்டி என்ற புகழ்பெற்ற மூளைப் பயிற்சி நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது என்ற வழக்கில், 2016 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

*

புவனகிரிப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. நாற்பது வருடம் மாடு வைத்துப் பால் ஊற்றினாள். தெருவில் யார் வீட்டுக்கு எத்தனை ஆழாக்கு, யார் எத்தனை நாள் வாங்கவில்லை என்பதெல்லாம் அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகளாக நிற்கும். கோட்டைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவாள். கோடு மற்றவர்கள் நம்புவதற்காக. எழவு வீட்டில் அவள் ஒப்பாரி எடுத்தால், செத்தவரின் மூன்று தலைமுறை உறவும் முறை தப்பாமல் அதில் வந்துவிடும்.

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தாள். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். நல்ல பிள்ளை, பொறுமைசாலி.

"அம்மா, இன்னிக்கு என்ன தேதி?"

"அமாவாச போயி நாலு நாளாச்சுப்பா."

"அது சரிம்மா. தேதி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"நூறுல ஏழு போனா எவ்வளவு?"

"தொண்ணூத்தி மூணு."

"அதுல ஏழு போனா?"

"எம்பத்தாறு. எதுக்குப்பா ஏழு ஏழா கழிக்கிற? யாருக்குக் குடுக்கணும்?"

பிறகு ஒரு தாளைக் கொடுத்து ஒரு வரி எழுதச் சொன்னார். அவள் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மொத்த மதிப்பெண்ணில் தேதியும் எழுத்தும் போயின. அன்று அவள் இழந்த மதிப்பெண்ணில் எவ்வளவு மறதியால், எவ்வளவு பள்ளிக்கூடம் இல்லாததால் என்று பிரித்துச் சொல்ல அந்தக் கேள்வித்தாளால் முடியாது.

இந்தச் சிக்கல் மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களைச் சோதிக்க வேண்டி வந்தபோது, 1990களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து இந்தக் கேள்வித்தாளையே மாற்றிக் கட்டினார்கள். ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் வாரத்தின் நாட்களைப் பின்னிருந்து சொல்லலாம். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் தன் வீட்டைப் பற்றி ஒரு வரி வாயால் சொல்லலாம். என் பெரியம்மாவிடம் வீட்டைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தால் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இதே வழிச் சோதனைகளைக் கொண்டு நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அறுபது கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய். தலைக்கணக்கில் ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், படித்தவரைவிடப் படிக்காதவரிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். மூன்றும் சேர்கிற இடத்தில் யார் நிற்கிறாள் என்பதைக் கடலூர் மாவட்டத்தில் எந்த ஊரின் பேருந்து நிறுத்தத்திலும் பார்க்கலாம்.

*

படிப்பு எப்படி மறதியைத் தள்ளிப்போடுகிறது? மூளையில் சேதம் ஒரே அளவு இருந்தும் ஒருவர் தடுமாறுகிறார், இன்னொருவர் சமாளிக்கிறார். இளமையில் பள்ளியும் பிறகு வேலையும் பேச்சும் பழக்கமும் சேர்த்துவைத்த கையிருப்பு அந்தச் சமாளிப்புக்கு உதவுகிறது என்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் நல்ல உதாரணம். 1924இல், எழுபதை நெருங்கும் வயதில், சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக வந்து மூன்றாண்டு இருந்தார். 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940இல். அவருக்கு வயது ஏறத்தாழ 85. திண்ணைப் பள்ளியில் படித்ததும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதும், யார் எந்தப் பாட்டை எங்கே உட்கார்ந்து சொன்னார்கள் என்பதும் அதில் வரிசை கட்டி வருகின்றன.

ஆனால் இந்த உதாரணத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஐயரின் பழக்கவழக்கங்களைப் பட்டியலிட்டு இப்படி வாழ்ந்தால் மறதி வராது என்று சொல்வது சுலபம். அதே பாடம் கேட்டு, அதே போல் சுவடி படித்து, அறுபதிலேயே நினைவு தப்பிய புலவர் யாரேனும் இருந்தால் அவர் சரித்திரம் எழுதியிருக்க மாட்டார். நமக்குத் தெரிகிறவர்கள் தப்பித்தவர்கள் மட்டும்.

கையிருப்பு பள்ளியில் மட்டும் சேர்வதல்ல என்பதற்கும் சான்று உண்டு, அதுவும் பக்கத்திலேயே. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியின் குழு 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் எழுதியது. தெலுங்கு, உருது, இந்தி என்று இரண்டு மொழியோ அதற்கு மேலோ புழங்கியவர்களுக்கு நோய், ஒரே மொழி பேசியவர்களைவிட நான்கரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் சந்தையில் இரண்டு மொழி பேசிப் பேரம் முடிக்கிற ஒருத்தியைப் படிப்பறிவில்லாதவள் என்ற ஒரு சொல்லில் அடைத்துவிடக் கூடாது என்பதற்கு இந்த ஆய்வு போதும்.

*

தலைக்குள் இருப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் கழுத்துக்குக் கீழே பார்ப்பதில்லை. லான்செட் இதழின் மறதிநோய் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. இளமையில் கல்வியின்மை, காது மந்தம், பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, உடல் பருமன், தலைக்காயம், புகை, மிதமிஞ்சிய குடி, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு. இவை அத்தனையும் நீங்கினால் உலகில் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது கணிப்பு. பட்டியலில் சுடோகு இல்லை.

மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. வருடக்கணக்கில் உயர் அழுத்தம் அடித்தால் சுவர் தடித்து, அடைத்து, அங்கங்கே சிறு சிறு திட்டுகளாக மூளை செத்துக்கொண்டு வரும். பக்கவாதம் என்று யாரும் கவனிக்கும் அளவுக்கு ஒன்றும் நடந்திருக்காது. தாத்தா மட்டும் கொஞ்சம் மந்தமாகியிருப்பார். கடலூர் முதுநகர்ப் பக்கம் கருவாடும் உப்புமாக வாழ்கிற வீடுகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பட்டியலில் சர்க்கரையும் உண்டு; பக்கத்துப் புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் வந்த தேசியக் கணக்கு சொல்வது சிரிப்புக்குரியதல்ல.

பின்லாந்தில் மியா கிவிபெல்டோ வழிநடத்திய ஆய்வு இதை ஒட்டுமொத்தமாகச் செய்து பார்த்தது. 60 முதல் 77 வயதுவரை உள்ள 1260 பேர், இரண்டு ஆண்டுகள்; உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு, நான்கும் ஒரே சமயத்தில். 2015இல் வெளியான முடிவில், வெறும் அறிவுரை கேட்டவர்களைவிட இவர்களின் சிந்தனைத் திறன் அதிகம் மேம்பட்டிருந்தது. அமெரிக்காவில் 2111 பேரை வைத்து நடந்த இதே மாதிரியான ஆய்வு 2025இல் வந்தது. அங்கே, தானாகப் பார்த்துக்கொள் என்று விடப்பட்டவர்களும் முன்னேறினார்கள். குழுவாகக் கூட்டி, அட்டவணை போட்டு, விசாரித்துக்கொண்டே இருந்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். காதைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு. 2023இல் வெளியான அதில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது காது கேட்கும் கருவியால் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் உள்ள முதியவர்களில் மட்டும் சிந்தனைத் தேய்மானம் மூன்றாண்டில் பாதியளவு குறைந்தது. காது கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுகிறார். விலகியவரிடம் யாரும் பேசுவதில்லை.

*

இந்த மண்ணில் பிறந்த ஒருவர் இதையெல்லாம் தம் போக்கில் யோசித்திருக்கிறார். 1823இல் சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்த வள்ளலார், தம் அன்பர்களுக்கு 'நித்திய கரும விதி' என்ற பெயரில் அன்றாட ஒழுங்கை எழுதித் தந்தார். எப்போது எழுவது, எப்படி உண்பது, உலாவுவது, எவ்வளவு தூங்குவது என்று விரிகிறது அது. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை எல்லாம் அவர் மூலிகைப் பட்டியலில் உண்டு. இன்று அவை பொடியாகவும் மாத்திரையாகவும் டப்பாவில் விற்கின்றன. கீரை நல்லதுதான், மறதிநோயை அது தடுக்கும் என்று நிறுவிய பெரிய சோதனை கிடையாது.

வியாபாரம் வள்ளலாரிடமிருந்து எடுத்துக்கொண்டது டப்பாவில் அடைக்க முடிந்த பகுதியை. அவர் 1867 மே 23இல் வடலூரில் தொடங்கியதோ தருமச்சாலை. சென்னை மாகாணத்தையும் தொட்ட 1866ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. வருகிறவரிடம் சாதியோ சமயமோ கேட்பதில்லை. 'ஜீவகாருண்ய ஒழுக்க'த்தில் அவர் பசியை விவரிக்கும் பகுதியை மூளையைப் பற்றிய எழுத்தாகவே படிக்கலாம். பசி ஏறினால் முதலில் அறிவு மங்குகிறது, பிறகு மனம் சிதறுகிறது, புத்தி கெடுகிறது, சித்தம் கலங்குகிறது என்று வரிசையாகச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கண்ணுக்கும் காதுக்கும் வயிற்றுக்கும் வருகிறார். தியானமும் ஒழுங்கும் போதித்தவர், பசித்தவனுக்கு அவற்றைப் போதிக்கவில்லை. முதலில் இலை போட்டார்.

தனக்கான ஒழுங்கு ஒரு பாதி, ஊருக்கான அடுப்பு மறுபாதி. மூளை நலத்தைப் பற்றிய நம் பேச்சு முதல் பாதியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. குழந்தை பசியில்லாமல் பள்ளியில் உட்கார்ந்தால் அறுபது வருடம் கழித்து மறதிக்கு எதிராக ஒரு கையிருப்பு சேர்கிறது என்றால், 1956இல் விரிவடைந்த மதிய உணவும், 1982இன் சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் இந்த மாநிலத்தின் மூளைப் பயிற்சித் திட்டங்கள். யாரும் அவற்றை அப்படி அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

முதல் பாதியிலேயே நின்றுவிடுவதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. நடந்தால் வராது, படித்தால் வராது, கீரை தின்றால் வராது என்று சொல்லிச் சொல்லி, வந்தவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். "வேலையே செய்யாம உக்காந்தே இருந்தாரு, அதான்" என்று உறவுக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த 45ஐக் கழித்தால் மீதி 55 இருக்கிறது. வயதும் மரபணுவும் இன்னும் பிடிபடாத காரணங்களும் சேர்ந்த பங்கு அது. ஒழுங்காக வாழ்ந்தவருக்கும் வரும். வந்தவரைக் கவனிக்கிற மருமகளுக்கோ மகளுக்கோ தூக்கம் போகும், அழுத்தம் ஏறும், வெளியே போக முடியாமல் தனிமை சேரும். பதினான்கில் சிலவற்றை நாமே அவள் தலையில் ஏற்றிவைக்கிறோம்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் தெருத் தெருவாக வருகிறாள். திண்ணையில் உட்கார்ந்து, கிழவியின் கையில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்திவிட்டு, எண் வரும்வரை "சாப்டீங்களா பெரியம்மா, யாரு சமைச்சா?" என்று பேச்சுக் கொடுக்கிறாள். நோட்டில் எழுதிக்கொள்கிறாள். "ராத்திரி மாத்திரய மறந்துட்டீங்களா?" என்று அட்டையை எண்ணிப் பார்க்கிறாள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை என்று மூன்று காரணிகளை அந்தப் பத்து நிமிடம் தொடுகிறது. எந்தச் செயலியும் இவ்வளவு செய்வதில்லை.

அவளால் இன்னும் இரண்டைச் செய்ய முடியும். முதுகுப்பக்கம் நின்று மெதுவாக ஒரு கேள்வி கேட்டு, காது எட்டுகிறதா என்று பார்க்கலாம். தேதி கேட்காமல், வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொல்லிக் கேட்கலாம். பதில் போன முறையைவிடத் தடுமாறினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதி அனுப்பலாம். பெரிய செலவில்லாத காரியங்கள். கடலூர் மாவட்டத்துக்கு ஒரு மூளை நலத் திட்டம் வேண்டுமென்றால் இங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் அவள் இப்போது வாங்குவது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. அதை அப்படியே வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் அவள் நோட்டில் சேர்ப்பதாக இருந்தால், சேர்க்காமலிருப்பது மேல்.